கிளை நூலகத்தின் வாசகர்களைச் சமூக ஊடகம் வழியாக அணுகுவது எப்படி?

கேள்வி: கவுண்டன்யக் கரை (குடியாத்தம் பகுதி)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை அடுத்த ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பொறுப்பு வகிக்கிறேன். எங்கள் நூலகர் மேலிடத்தின் அனுமதியோடு நூலகத்துக்கென ஒரு முகநூல் பக்கத்தையும் ஒரு வாட்ஸ்அப் குழுவையும் தொடங்கி, அவற்றுக்கான செய்திகளை எழுதித் தரும் பணியை வாசகர் வட்டத்திடம் ஒப்படைத்திருக்கிறார். நூல்களை இரவல் கொடுப்பது, திரும்பப் பெறுவது, பதிவேடுகளை எழுதுவது, நாளிதழ்களை அடுக்குவது என அனைத்தையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டியிருப்பதால், இந்தப் பணியை நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம்.

பக்கத்தில் இதுவரை வெளிவந்தவை பெரும்பாலும் விழாப் படங்களே. ஆகஸ்ட் 12 அன்று இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழி இரா. அரங்கநாதனின் படத்துக்கு மாலை அணிவித்தது, நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரத்தைக் கொண்டாடியது, புதிய புரவலர்களுக்குப் பொன்னாடை போர்த்தியது ஆகியவையே அங்கே நிறைந்திருக்கின்றன. விருப்பம் தெரிவித்தவர்களின் பெயர்களைப் பார்த்தால், ஏறத்தாழ அனைவரும் அந்த விழாக்களுக்கு வந்திருந்தவர்களே. நூலகத்துக்குள் ஒருமுறைகூட வந்திராத ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு உறுப்பினராகச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவிலோ காலை வணக்கப் படங்களும் யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்புகளும் வந்து குவிவதால், புதிய நூல்கள் வந்திருக்கின்றன என்ற செய்தி மேலே போய் மறைந்துவிடுகிறது.

நாங்கள் அடைய விரும்புவோர் யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தறி நெய்வோர், வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றும் பெண்கள், தீப்பெட்டித் தொழிலாளர்கள், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், பள்ளி விட்டதும் தெருவில் நிற்கும் பிள்ளைகள் ஆகியோர் இருக்கிறார்கள். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்துக் கட்டும் குடும்பங்களில் பலவற்றுக்கு, தங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் நூலகம் இருப்பதே தெரியாது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவர்கள் வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. முகநூலும் யூடியூபும் இருக்கின்றன. அந்த வழியில் போய் அவர்களை நூலகத்துக்கு அழைத்து வர என்ன எழுத வேண்டும், எந்த ஊடகத்தில் எழுத வேண்டும், வருகிற கேள்விகளை யார் எப்படிக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டி முடிவெடுப்போம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், வாலாஜாபேட்டை

வணக்கம். நூலகத்தை வாசகர் இருக்குமிடத்துக்கு எடுத்துச் செல்வது நம் மாநிலத்துக்குப் புதிய எண்ணம் அன்று. 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அரங்கநாதன் நூலகச் சேவைக்கான தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. தாங்கள் குறிப்பிட்ட நூலக வரி அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததே. ஆகவே முகநூலையும் வாட்ஸ்அப்பையும் விளம்பரப் பலகையாகக் கருதாமல், நூலகச் சேவையை ஊருக்குள் கொண்டுசெல்லும் இன்னொரு வழியாகக் கருதி வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக் கருதினால் என்ன எழுதுவது என்ற கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிடும். நூலகத்துக்கு வரலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டியவை மிகச் சில: இன்று நூலகம் திறந்திருக்கிறதா, எத்தனை மணி வரை இருக்கும், தான் தேடும் நூல் இருக்கிறதா, உறுப்பினராக என்ன கொண்டுவர வேண்டும். நம் கிளை நூலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை விடுகின்றன. இதை அறியாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பெற்றோர் மறுபடியும் வருவது அரிது. எனவே முகநூல் பக்கத்தின் முகப்பிலும் கூகுள் வரைபடத்திலும் வேலை நேரத்தையும் விடுமுறை நாளையும் சரியாகப் பதிவு செய்யுங்கள். வழக்கத்துக்கு மாறான விடுமுறை வந்தால் முதல் நாளே எழுதுங்கள். 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்ற நான்காம் விதிக்கு இதைவிட எளிய செயல்வடிவம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நூல்களைப் பற்றியது. புதிய வரவுகளை மேசைமேல் பரப்பி ஒரே படமாக எடுத்துப் போடுகிறார்கள். அதில் எந்தத் தலைப்பும் படிக்கத் தெளிவாக இராது. ஒரு பதிவுக்கு ஒரு நூல் போதும். அட்டைப்படம், நூல் எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியம், யாருக்குப் பயன்படும் என்று ஒரு வாக்கியம், எந்த அலமாரியில் இருக்கிறது என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். 'தறி நெய்வோர் பார்க்க வேண்டிய சாயத் தொழில் நூல் இது' என்று எழுதும்போது அது அவர்கள் தெருவிலே பேசப்படும். 'அரிய நூல்கள் வந்துள்ளன, வாரீர்' என்று எழுதினால் யாரிடமும் போய்ச் சேராது. இந்தக் குறிப்புகளை வாசகர்களையே எழுதச் செய்யலாம். நூலைத் திருப்பிக் கொடுக்க வரும்போது நான்கு வரி எழுதித் தருவீர்களா என்று கேட்டால், பலரும் மனமுவந்து எழுதித் தருவார்கள்.

உள்ளூர் வரலாறு நமக்குக் கிடைத்த பெரும் செல்வம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூலை 10 வரும்போது, 1806இல் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய் எழுச்சியைப் பற்றிய நூல்களைத் தனியாக ஓர் அடுக்கில் வைத்து, அந்த அடுக்கின் படத்தைப் பதிவிடுங்கள். ஏப்ரல் 25 மு. வரதராசன் பிறந்த நாள். 1912இல் திருப்பத்தூரில் பிறந்த அவரை நம் வட ஆர்க்காட்டு மண்ணின் எழுத்தாளராக நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றிலும் கவுண்டன்ய ஆற்றிலும் வெள்ளம் பெருகியபோது எடுத்த படங்கள் இன்னும் பலர் கைப்பேசியில் இருக்கும். எடுத்த இடம், நாள் ஆகியவற்றோடு அவற்றை அனுப்பச் சொல்லி, உரியவரின் ஒப்புதலோடு ஒரு தொகுப்பாக நூலகத்தில் சேர்த்து வைத்தால், பிற்காலத்தில் ஆய்வு செய்பவருக்கும் அது பயன்படும். இத்தகைய பதிவுகளுக்கு மக்கள் தாமாகவே கருத்து எழுதுவார்கள். ஒரு பக்கத்தின் பதிவை முகநூல் அதைப் பின்தொடரும் அனைவருக்கும் காட்டுவதில்லை. உரையாடல் நிகழும் பதிவுகளையே மேலும் பலருக்குக் கொண்டுசெல்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

முடிக்குமுன் ஓர் எச்சரிக்கை. பக்கத்தை யாருடைய சொந்தக் கணக்கின் கீழும் மட்டும் வைக்காதீர்கள். நான் அறிந்த ஒரு நூலகத்தில், பக்கத்தைத் தொடங்கியவர் பணிமாறுதலில் சென்ற பிறகு கடவுச்சொல் யாரிடமும் இல்லாமல் போய், இன்றும் அந்தப் பக்கம் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. நூலகத்துக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி, குறைந்தது இரண்டு நிர்வாகிகள், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு ஆகியவை முதல் நாளிலேயே வேண்டும். நூலகர் அரசுப் பணியாளர். 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும். வாசகர் வட்டத்தினர் கட்சிச் சார்பான ஒன்றைப் பகிர்ந்தாலும் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான் என்பதால், எதை வெளியிடலாம் என்பதை எழுத்தில் வரையறுத்து அவரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

மறுமொழி: ஆம்பூர் ஆசிரியை

ஐயா எழுதியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழுவில் சேரும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற அனைவருக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக்காக நான் சேர்ந்த குழுவிலிருந்து என் எண்ணை எடுத்து, முன்பின் அறியாத ஒருவர் இரவு நேரங்களில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அதன் பிறகு என் தோழியர் பலர் எந்தப் பொதுக் குழுவிலும் சேர மறுத்துவிட்டார்கள். பீடி சுற்றும் பெண்களையும் எங்கள் ஊரில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களையும் நூலகத்தோடு இணைக்க நினைத்தால், அவர்கள் எண்ணை ஊருக்குத் தெரியப்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

2023 செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமான வாட்ஸ்அப் சேனல் இதற்குப் பொருத்தமானது. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. நிர்வாகி மட்டுமே எழுத முடியும் என்பதால் காலை வணக்கப் படங்களுக்கும் இடமில்லை. கேள்வி கேட்க விரும்புபவர் நூலகத்தின் எண்ணுக்குத் தனியாக எழுதட்டும். அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு உதவும். வேலை நேரம், முகவரி ஆகியவற்றை அதில் நிலையாகப் பதிந்து வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விடையை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நூலகம் மூடியிருக்கும்போது தானாக ஒரு செய்தி போகும்படியும் அமைக்கலாம்.

தாங்கள் அடைய நினைக்கும் பெண்களில் பலருக்கு நீண்ட பதிவைப் படிக்க நேரம் இராது. ஆனால் கை வேலையில் இருக்கும்போது காது சும்மாதான் இருக்கிறது. பீடி சுற்றிக்கொண்டே கேட்கும்படி சிறுகதைகளை வாசித்து ஒலிப்பதிவாக அனுப்பிப் பாருங்கள். இங்கே பதிப்புரிமையைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. பாரதியின் படைப்புகள் 1949இல் நாட்டுடைமையாயின. கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாயின. அவற்றை அச்சமின்றி வாசித்து வெளியிடலாம். இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் கதையை முழுவதுமாக வாசிக்க வேண்டுமானால், அவரிடம் எழுதிக் கேட்டு ஒப்புதல் பெறுங்கள். கதையின் பாதியில் நிறுத்தி, மீதி நூலகத்தில் இருக்கிறது என்று சொல்வதை நான் விரும்பவில்லை. முழுக் கதையையும் கொடுத்துவிட்டு, இதே எழுத்தாளரின் வேறு எந்த நூல் நம்மிடம் இருக்கிறது என்று சொல்வதே கேட்பவருக்குச் செய்யும் மரியாதை. அந்த நூலை இரவல் பெற வர முடியாதவருக்கு, நூலக நண்பர்கள் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வழி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். எங்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். உருது தெரிந்த ஒருவர் குரலிலும் அவ்வப்போது ஒரு பதிவு வெளிவந்தால், இந்த நூலகம் தங்களுக்கும் உரியது என்பதை அவர்கள் உணர்வார்கள்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கதை சொல்லும் நிகழ்ச்சியின் படத்தைப் பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றோடு வெளியிடுவது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தையாகக் கருதி, அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு பிள்ளை எந்த நாளில் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதை ஊருக்கு அறிவிப்பது ஆபத்தானது. பிள்ளைகள் வரைந்த ஓவியத்தை, படித்து முடித்த நூலின் அட்டையை, நூலைப் பிடித்திருக்கும் கைகளைப் படமெடுங்கள்.

மறுமொழி: தேர்வர், காட்பாடி

நான் குரூப் 4 தேர்வுக்கு நூலகத்தில் அமர்ந்து படிப்பவன். எங்களை ஈர்க்கத் தனியாக முயற்சி தேவையில்லை. நாங்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறோம். எங்களுக்கு வேண்டியது மாத இதழ்கள் வந்துவிட்டனவா, படிக்கும் அறையில் மின்விசிறி வேலை செய்கிறதா என்ற செய்திகளே. வேலூரின் சித்திரை வைகாசி வெயிலில் பேருந்தில் வந்து, மின்தடை என்று திரும்பிப் போவது பெரும் துன்பம்.

ஆசிரியை அவர்களின் கருத்தில் ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். சேனலில் நிர்வாகி பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். வாசகர்கள் ஒருவரோடு ஒருவர் பேச இடமே இல்லாமல் போனால், அது பழைய அறிவிப்புப் பலகையேதான். நாங்கள் தேர்வர்கள் ஒரு சிறிய குழுவில் நாள்தோறும் ஒரு பாடத்தை எடுத்து வினா விடை நடத்துகிறோம். அதில் சேர்ந்த பிறகே நூலகத்துக்குத் தவறாமல் வரத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சேனலோடு, விரும்பிச் சேர்பவர்களுக்கு மட்டும் பொருள் சார்ந்த சிறு குழுக்களும் இருக்கட்டும். அந்தக் குழுக்களில் விற்பனையில் இருக்கும் வழிகாட்டி நூல்களின் நகல் கோப்புகளைப் பகிர இடம் தராதீர்கள். நூலகத்தின் பெயரில் அது நடப்பது முறையன்று. பள்ளிப் பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. அவற்றின் இணைப்புகளைக் கொடுத்தாலே போதும்.

மறுமொழி: பார்வையற்ற வாசகர், வேலூர்

ஒரே ஒரு வேண்டுகோள். அறிவிப்பை வண்ணப் படமாக மட்டும் வெளியிடாதீர்கள். என் கைப்பேசியில் உள்ள திரைவாசிப்பான் எழுத்தாகத் தட்டச்சு செய்ததை மட்டுமே எனக்கு நம்பகமாகப் படித்துக் காட்டும். படத்துக்குள் இருக்கும் நாளும் நேரமும் பெரும்பாலும் எனக்கு எட்டுவதில்லை. அழைப்பிதழின் படத்தோடு அதன் செய்தி முழுவதையும் ஒருங்குறித் (யூனிகோடு) தமிழில் கீழே எழுதிவிடுங்கள். படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரையைச் சேர்க்கும் வசதி முகநூலில் இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள். அப்படி எழுதினால், பின்னாளில் யாராவது தேடும்போதும் அந்தச் செய்தி அகப்படும். படப் பதிவு வரும்போதெல்லாம் வீட்டில் ஒருவரை அழைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர்க்க விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கவுண்டன்யக் கரை

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டத்தில் இவற்றைப் படித்துக் காட்டினோம். இப்போதுள்ள குழுவை மூடிவிட்டுச் சேனலைத் தொடங்குவது, தேர்வர்களுக்கு மட்டும் அவர்கள் விருப்பத்தின் பேரில் ஒரு சிறு குழு வைப்பது, ஒவ்வொரு அறிவிப்பையும் எழுத்தாகவும் தருவது, பிள்ளைகளின் முகம் தெரியும் பழைய படங்களை நீக்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கதை வாசிக்க எங்கள் வட்டத்தில் இரு பெண்கள் முன்வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தாமே பீடி சுற்றும் தொழிலாளி என்பதில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. நூலகர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. வாசகர்கள் தனியாக எழுதும் கேள்விகளுக்கு அவர் தம் சொந்த எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறார். நள்ளிரவிலும் அழைப்பு வரும் என்று அஞ்சுகிறார். வேறு வழி உண்டா? இன்னார் இன்ன நூலைத் திருப்பித் தரவில்லை என்பதை இதே வழியில் நினைவூட்டலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், வாலாஜாபேட்டை

அவருடைய தயக்கம் நியாயமானது. சொந்த எண்ணைக் கொடுக்கவே வேண்டாம். நூலகத்தில் தரைவழித் தொலைபேசி இருந்தால், வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை அந்த எண்ணிலேயே பதிவு செய்யலாம். குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பின் வழியாகச் சரிபார்ப்பு எண்ணைச் சொல்வார்கள். தொலைபேசி இல்லையென்றால், வாசகர் வட்டத்தின் செலவில் நூலகத்துக்கென ஒரு சிம் அட்டையை வாங்கி, பழைய கைப்பேசி ஒன்றில் போட்டு, அதை நூலகத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மாலையில் பூட்டுவதற்கு முன் கேள்விகளுக்கு விடை எழுதப்படும் என்று கணக்கின் அறிமுகத்திலேயே குறிப்பிட்டுவிட்டால், வாசகரும் அதற்கேற்பக் காத்திருப்பார்.

நினைவூட்டலை உரியவருக்குத் தனியாக மட்டும் அனுப்புங்கள். அதிலும் நூலின் பெயரை எழுத வேண்டாம், 'தாங்கள் எடுத்துச் சென்ற நூலின் தவணை முடிந்துவிட்டது' என்பது போதும். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசியைப் பலரும் பயன்படுத்துவார்கள். ஒருவர் மணவிலக்குச் சட்டத்தைப் பற்றியோ மனநோயைப் பற்றியோ படிப்பது வீட்டில் மற்றவருக்குத் தெரிய வேண்டிய தேவையில்லை. சேனலிலோ குழுவிலோ பாக்கிப் பட்டியல் எந்நாளும் வெளியாகக் கூடாது. தாங்கள் எழுதும் வெளியீட்டு வரையறையில் இதை முதல் விதியாகச் சேர்த்துவிடுங்கள்.